அரை இஞ்சுக்காரரும் என் தம்பியின் புகைக்குழாயும்

என் வீட்டு ஜன்னலின் மூன்றாவது கம்பியை விரல் முட்டியால் தட்டிவிட்டு, காதை அதன் மேல் ஒட்டவைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார். உள்ளே வந்து உட்காரச் சொல்லி இரண்டு தரம் கூப்பிட்டாயிற்று.

“இது உள்ளுக்குள்ள துருப் புடிச்சுப் போச்சுக்கா. மேல பெயிண்ட அடிச்சு ஏமாத்திட்டான்.”

“நீ மொதல்ல டீயைக் குடி. கம்பி எங்கயும் ஓடிப்போயிடாது.”

டம்ளரை வாங்கியதும் அதையும் ஒரு தட்டு தட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைக்கிறார்.

என் தம்பி பெண்சாதிக்குக் கூடப்பிறந்த தங்கை ஒருத்தி. அவளைக் கட்டியவர் இவர். ஆக, என் தம்பிக்குச் சகலை. கல்யாணத்தன்றே மண்டபத்து இரும்புத் தூண்களை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே பின்கட்டு வரைக்கும் போய், மாப்பிள்ளையைக் காணோம் என்று பெண் வீட்டாரைத் தேடவைத்தவர். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. அவருடைய அம்மாவைப் பெற்ற தாத்தா கிணறு தோண்டியவர், பாறையைத் தட்டித் தட்டிக் கேட்பாராம். பெரிய மாமா கடிகாரம் பழுது பார்த்தவர். அந்த வம்சத்தில் எல்லோருக்குமே தலை கொஞ்சம் ஒரு பக்கம் சாய்ந்துதான் நிற்கும்.

வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். சட்டை முழுக்கத் தீப்பொறி விழுந்த பொத்தல். தைத்துத் தைத்துச் சலித்துப்போன அவர் பெண்சாதி, “காத்து நல்லா வரட்டும், விடு” என்று ஊசியைத் தூக்கிப் போட்டுவிட்டாள். எதை அளந்தாலும், “எதுக்கும் ஒரு அரை இஞ்சு சேத்து வெட்டிடுறேன்” என்பார். அதனால் அரை இஞ்சு என்றே பெயர் நின்றுவிட்டது. பெண்சாதி போனில்கூட அவர் அப்படித்தான் பதிவாகியிருக்கிறார்.

இவர் எனக்கு இவ்வளவு நெருக்கமானது என் தம்பியின் நெஞ்சு விஷயத்தில்தான்.

தம்பியிடம் எலுமிச்சைத் தோட்டம் ஒன்று இருக்கிறது. வரிசைகளுக்கு நடுவே புல் வெட்டவும், பறித்த கூடைகளை இழுத்து வரவும் ஒரு குட்டி டிராக்டர். அதன் புகைக்குழாய் முன்பக்கத்தில் முழங்கால் உயரத்துக்குத்தான் இருந்தது. எதிர்க்காற்று அடித்தால் புகை அத்தனையும் ஓட்டுகிறவன் முகத்துக்கு வரும். பல வருஷம் அதைக் குடித்தே தம்பிக்கு இருமல் கண்டுவிட்டது. இனிப் புகை ஆகவே ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தம்பி மகள் கெட்டிக்காரி, ஒரே பிள்ளை. டிராக்டரைக் கொடுத்துவிடுவது என்று முடிவு கட்டி, வாங்குகிற ஆளை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லிவிட்டாள். அவள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் டிராக்டர் போனால் தோட்டம் போகும். தோட்டம் போனால் என் தம்பி நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பான். இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். அவன் சும்மா உட்காரத் தெரியாத பிள்ளை.

திங்கட்கிழமை காலை அரை இஞ்சு வந்தார். கொட்டகையில் டிராக்டரைச் சுற்றி வந்து இன்ஜின் மூடியைத் தட்டினார், சக்கரத்தைத் தட்டினார், கடைசியில் குழாயைத் தட்டினார்.

“வண்டிக்கு ஒண்ணும் இல்லண்ணே. அது விடுற மூச்ச உங்க தலைக்கு மேல கொண்டுபோய் விட்டுட்டாப் போதும். ஏறி உக்காருங்க.”

தம்பி ஏறி உட்கார்ந்தான். உச்சந்தலைக்கு நேராக ஒரு குச்சியை நிறுத்தி அளந்தார். வழக்கம்போல அரை இஞ்சு சேர்த்தார். மறுநாள் குழாயைக் கொண்டுவந்து மாட்டினார். அடியில் இறுக்கிப் பிடிக்க ஒரு கிளாம்ப், ஆட்டத்தில் பற்றவைத்த இடம் விரிசல் விடாமலிருக்க நடுவில் ஒரு பிராக்கெட், கை பட்டால் சுடாமலிருக்கச் சுற்றிலும் பொத்தல் போட்ட தகடு. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

புதன்கிழமை தம்பி வண்டியை எடுத்தான். முதல் வரிசை முடிவதற்குள் இருமல். இரண்டாவது வரிசையில் வண்டியை நிறுத்தி ஸ்டியரிங் மேல் கவிழ்ந்துவிட்டான். நானும் அவன் பெண்சாதியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இறக்கினோம். முன்பு முழங்காலில் புறப்பட்டுப் பாதி கலைந்து வந்த புகை, இப்போது கலையாமல் நேரே மூக்குக்கே வந்துவிட்டது.

எனக்கு வந்த கோபத்தில் போனை எடுத்தேன். “ஏம்பா, புகைய வெளிய விடச் சொன்னா என் தம்பி மூக்குக்குள்ளயே குழாயச் சொருகிட்டுப் போயிட்டியே!”

கொஞ்ச நேரத்தில் அவர் ஸ்கூட்டர் வந்து நின்றது. வந்தவர் நேரே வண்டியிடம் போனார். டிராக்டர் சீட்டில் இருந்த மெத்தையை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார். பழைய போர்வைகளை அடைத்துத் தம்பி பெண்சாதி தைத்த மெத்தை அது. ஒரு சாண் கனம். உட்கார்ந்தாலும் அரைச் சாணுக்குக் குறையாது.

“அண்ணி, திங்கக்கெழம இது எங்க இருந்துச்சு?”

“கொடியில காஞ்சுது மாப்ள.”

“ஏன்?”

“நீங்க வர்றீங்கன்னுதான் தொவச்சுப் போட்டேன். தங்கச்சி வீட்டுக்காரர் வர்ற அன்னிக்கு அழுக்கு மெத்தையோடயா வண்டிய நிறுத்தி வெக்கறது?”

அவர் தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். “என்னை மதிச்சு மதிச்சே இப்படிக் கவுத்துட்டீங்களே அண்ணி!” தம்பி இருமலுக்கு நடுவே சிரித்தான். சிரித்ததில் இன்னும் இருமினான்.

மகளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. சங்கதி கேள்விப்பட்டு அன்று சாயங்காலமே வந்து சேர்ந்தாள். “சித்தப்பா, நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீங்க. ஆனா போதும். இனிமே அப்பா அதுல ஏற வேணாம்” என்றாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது.

“சனிக்கெழம வரைக்கும் குடும்மா. அதுக்கப்புறம் நானே அந்த ஆளுக்கு வண்டியத் தொடச்சுக் குடுக்கறேன்.”

அடுத்த நாள் அவர் குச்சியும் கொண்டுவரவில்லை, டேப்பும் கொண்டுவரவில்லை. தம்பிக்குக் கனமான துணியால் மூக்கைக் கட்டி, மெத்தையில் உட்காரவைத்து, எப்போதும் செய்கிற வேலையை அப்படியே செய்யச் சொன்னார். பக்கத்திலேயே நடந்தார். ஒவ்வொரு வரிசைக் கடைசியிலும் தம்பி வண்டியைத் திருப்பும்போது சீட்டை விட்டு அரைவாசி எழுந்து, பின்சக்கரம் மரத்து வேரில் ஏறுகிறதா என்று திரும்பிப் பார்ப்பான். அது தம்பிக்கே தெரியாத பழக்கம். அத்தனை வருஷம் பார்த்த எங்களுக்கும் அதுவரை கண்ணில் படவில்லை.

“இதாங்க்கா விஷயம். உக்காந்த மனுசன அளந்தேன். அண்ணன் எங்க உக்காந்து ஓட்டுறாரு? பாதி நேரம் நின்னுல்ல ஓட்டுறாரு!”

குழாயை, தம்பி அப்படி எழுந்து நிற்கும் உயரத்துக்கு மேல் ஒரு முழம் ஏற்றினார். அதன் வாயை அண்ணாந்த மாதிரி இல்லாமல், புகை ஒதுங்கிப் போகும்படி பக்கவாட்டில் வளைத்தார். அப்புறம்தான் இன்னொன்று தெரிந்தது. கொட்டகை வாசல் நிலையில் குழாய் இடிக்கிறது.

“குழாய வெட்ட மாட்டேன்” என்றார். ரம்பத்தை எடுத்தார். வாசலுக்கு மேலிருந்த பலகையையும் தகரத்தையும் குழாய் அகலத்துக்கு ஒரு பிளவாக அறுத்துவிட்டார். இந்தத் தரமும் அரை இஞ்சு சேர்த்துத்தான்.

தம்பி பெண்சாதி அண்ணாந்து பார்த்தாள். “நல்லா இருந்த வாசலப் பல்லு விழுந்த வாய் மாதிரி ஆக்கிட்டீங்களே மாப்ள.”

“மழ பெஞ்சா ஒழுகும் அண்ணி. வாளி ஒண்ணு வெச்சுக்குங்க. அண்ணனுக்கு நெஞ்சு ஒழுகாம இருந்தாச் சரி.”

இப்படிப் பேசுகிற மனுஷரை நான் போனில் என்னென்ன சொன்னேன் என்று நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. ஒரு நாள்கூட அதைத் திருப்பிச் சொல்லவில்லை. வியாழனிலிருந்து சனி வரை மூன்று நாளும் பட்டறையைப் பூட்டிவிட்டு வந்தார். சாப்பிடக் கூப்பிட்டால், “கை அழுக்குக்கா” என்று கொல்லைப் படியிலேயே தட்டை வாங்கிக்கொள்வார். என் வயிற்றில் பிறந்த பிள்ளைகளும் எனக்கு நல்லதுதான் செய்திருக்கிறார்கள். ஆனால் இவர் செய்தது எந்தக் கணக்கில் சேரும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

சனிக்கிழமை காலை நல்ல எதிர்க்காற்று. இன்னும் கொஞ்சம் காற்று தணியட்டும் என்றாள் மகள். “இந்தக் காத்துக்குத்தாம்மா காத்திருந்தேன்” என்று பையிலிருந்து சலவை செய்த வெள்ளைத் துணி ஒன்றை எடுத்தார். மடிப்புக் கலையாமல் பிரித்து, ஒற்றைச் சுற்றாகத் தம்பியின் மூக்கை மூடிக் கட்டினார்.

“பத்து வரிசண்ணே. அவசரமில்ல.”

டிராக்டர் கிளம்பியது. கரும்புகை மரங்களுக்கு மேலே ஏறிக் கலைந்தது. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு வரிசைகளை எண்ணினாள். இருமல் சத்தம் கேட்கிறதா என்று நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். இன்ஜின் சத்தம்தான் வந்தது. பத்தை முடித்து, சொல்லாத பதினொன்றையும் ஓட்டிவிட்டுத்தான் தம்பி திரும்பினான்.

அரை இஞ்சு துணியை அவிழ்த்தார். வெளிச்சத்தில் பிடித்து இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். ஒரு பொட்டுக் கரிகூட இல்லை. மகளிடமும் நீட்டிக் காட்டினார். பிறகு அந்த வெள்ளைத் துணியாலேயே தன் முகத்தை, கழுத்தை, கரி படிந்த இரண்டு கைகளை அழுத்தித் துடைத்துக்கொண்டு, கீழே கிடந்த ஸ்பேனர்களைப் பொறுக்கக் குனிந்தார்.