நீச்சல் குளத்தில் ஓர் அறிவிப்பு

ரயில் நிலையத்தில் எல்லாரும் அவளைக் கனிவு என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அதுவல்ல. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று ஒரு நாளைக்கு நூறு தடவைக்குக் குறையாமல் ஒலிபெருக்கியில் சொல்வது அவள் வேலை. டிக்கெட் பரிசோதகர் ஒருவர் விளையாட்டாகத் தொடங்கி வைத்தது அப்படியே ஒட்டிக்கொண்டது.

ஏழு வருடமாக அந்தக் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்திருக்கிறாள். வண்டி நாலு மணி நேரம் தாமதமானாலும் சரி, கடைசி நிமிடத்தில் நடைமேடை மாறி, ஆயிரம் பேர் பெட்டியும் கையுமாகப் படியேறி ஓடினாலும் சரி, அவள் குரல் கொஞ்சமும் அசையாது. கீழே ஜனங்கள் மண்ணை வாரித் தூற்றுவார்கள். மேலேயிருந்து அவள் பாலில் தேன் கலந்த மாதிரி வருத்தம் தெரிவிப்பாள்.

வீட்டில் அந்தக் குரலைச் சீந்துவார் இல்லை. வீட்டில் இருந்தது பட்டாணி. இரண்டே கால் வயது. உருண்டையாக இருப்பாள், கையில் நிற்க மாட்டாள், கீழே விட்டால் எந்தக் கட்டிலுக்கடியில் உருண்டு போவாள் என்று சொல்ல முடியாது. அதனால் அந்தப் பெயர்.

கணவர் குளிர்பதனக் கிடங்குகளில் இயந்திரம் பொருத்துகிறவர். மூன்று வார வேலையாக வெளியூர் கிளம்பும்போது, "ஞாயித்துக்கிழமை அம்மா உன்னை நீச்சல் குளத்துக்குக் கூட்டிட்டுப் போவா" என்று குழந்தையிடம் சொல்லிவிட்டு வண்டியேறிவிட்டார். வாக்குக் கொடுத்தவர் அவர், காப்பாற்ற வேண்டியவள் இவள். அந்த வாரம் முழுக்கப் பட்டாணி குழாயைக் கண்டாலும், கழுவித் துடைத்த தரையைக் கண்டாலும், குடிக்கக் கொடுத்த டம்ளரைக் கண்டாலும், "தண்ணி போலாம்" என்று ஒரே பாட்டுப் பாடினாள்.

துணைக்கு நாத்தனார் வருவதாக ஏற்பாடு. ஞாயிறு காலை அவளிடமிருந்து போன் வந்தது.

"அண்ணி, கடைவாய்ப் பல்லு வீங்கி மூஞ்சியே கோணிப் போச்சு. வாயைத் திறந்தா உயிர் போகுது."

"இப்ப திறந்துதானே பேசறே?"

"அதான் உயிர் போகுதுன்னு சொல்றேன்."

"சரி விடு, அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று சொல்லித் திரும்பினாள் கனிவு. வாசற்கதவருகே பட்டாணி தயாராக நின்றிருந்தாள். தலையில் ரப்பர் குல்லாய், இரண்டு கையிலும் இரண்டு செருப்பு, உடம்பில் வேறு பொட்டுத் துணி இல்லை.

அடுத்த வாரம் என்கிற பேச்சு அத்தோடு முடிந்தது.

துண்டு இரண்டு, மாற்றுத் துணி இரண்டு ஜோடி, நனைந்தால் ஊறாத டயப்பர், பால் பாட்டில், பிஸ்கட், வாழைப்பழம், ஈரத்துடைப்பான், பொம்மை வாத்து. ஊரையே காலி பண்ணிக்கொண்டு போகிறவள் மாதிரி ஒரு பையைத் தோளில் மாட்டி, குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தாள். கவுன்ட்டரில் இருந்த பெண் டிக்கெட்டைக் கிழித்தபடி கேட்டாள்.

"கூட யாரும் வரலையா?"

"இல்லைங்க, நாங்க ரெண்டு பேருதான்."

"ம்ம்" என்றாள் அவள். அந்த 'ம்ம்'முக்குப் பின்னால் நிறைய ஞாயிற்றுக்கிழமைகள் இருந்தன.

உடை மாற்றும் அறையில் பலகைக் கதவு போட்ட சின்னச் சின்னத் தடுப்புகள். உள்ளே நுழைந்ததும்தான் கனிவுக்கு முதல் சிக்கல் புரிந்தது. யாருக்கு முதலில் மாற்றுவது? குழந்தைக்கு முதலில் மாற்றினால் அது சும்மா நிற்க வேண்டும். சும்மா நிற்பது என்பது பட்டாணி பிறந்ததிலிருந்து செய்து பார்க்காத ஒன்று. தனக்கு முதலில் என்று முடிவு செய்தாள். நீச்சலுடைக்குள் ஒரு காலை விட்டுவிட்டு, மற்ற காலைத் தூக்கிக்கொண்டு கொக்கு மாதிரி நின்ற நேரம், க்ளிக் என்று சத்தம் கேட்டது. தாழ்ப்பாளை அமைத்த புண்ணியவான் அதை முழங்கால் உயரத்தில் அமைத்திருந்தார். கதவு ஆவென்று திறந்தது. எதிரே மூன்று பெண்கள் தலைமுடியை உலர்த்திக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா சட்டை இல்லே!" என்று பட்டாணி அவர்களுக்குத் தெரிவித்தாள்.

இரண்டு பேர் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். மூன்றாமவள் எட்டி வந்து கதவைச் சாத்தி, வெளியிலிருந்தே பிடித்துக்கொண்டாள். "நிதானமா மாத்துங்க. எனக்கும் ரெண்டு இருக்கு வீட்டுல" என்று அவள் குரல் வந்தது.

நாற்பது நிமிடம் பாடுபட்டுக் குழந்தைகள் குளத்தின் படியருகே வந்து நின்றபோது, பட்டாணி தண்ணீரை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, "வீட்டுக்கு" என்றாள்.

"என்னது?"

"வீட்டுக்குப் போலாம்."

கனிவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. கெஞ்சினாள், கொஞ்சினாள், வாத்தை மிதக்கவிட்டுக் காட்டினாள். வாத்துக்கு மட்டும் டாட்டா கிடைத்தது. உயரமான நாற்காலியில் விசிலோடு உட்கார்ந்திருந்த காவலர் மேலேயிருந்து குரல் கொடுத்தார்.

"கூப்பிடாதீங்க மேடம். கூப்பிட்டா வராதுங்க. நீங்க பாட்டுக்கு இறங்கி விளையாடுங்க."

கனிவு மட்டும் தண்ணீரில் இறங்கி, தனக்குத்தானே நீரை வாரி இறைத்துக்கொண்டு, "ஐ, ஐ" என்று சந்தோஷப்பட்டாள். முப்பத்திரண்டு வயதில் தனியாக அப்படிச் சந்தோஷப்படுவதற்குத் தைரியம் வேண்டும். இரண்டு நிமிடத்தில் பட்டாணி பொறாமை தாங்காமல் படியிறங்கினாள். இறங்கியதும் பக்கத்திலிருந்த குழந்தையின் சிவப்பு வாளியைப் பறித்தாள். அதன் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுத் திருப்பிக் கொடுத்தால், திரும்பவும் பறித்தாள். கனிவு தன் வாழ்நாளில் தெரிவித்த வருத்தங்களில் பாதியை அந்த வாளிக்காகவே செலவழித்தாள்.

ஆனால் நடுவில் ஒரு பத்து நிமிடம் வேறு மாதிரி இருந்தது. பட்டாணியை மல்லாக்கப் படுக்கவைத்து, கழுத்துக்கும் முதுகுக்கும் அடியில் கையைக் கொடுத்து மிதக்கவிட்டாள் கனிவு. காது தண்ணீருக்குள் போனதும் குழந்தை பேச்சை நிறுத்திவிட்டது. கண்ணை அகல விரித்து, உத்தரத்தில் ஆடும் தண்ணீர் வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தது. நாள் முழுக்க ஊருக்குப் பேசுகிறவளும் வாய் திறக்கவில்லை. இதற்காகவே இரண்டு பஸ் என்ன, நாலு பஸ் கூட மாறலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

வெளியேறுவது பெரும் போர். வரமாட்டேன் என்று துள்ளியவளைப் பாய் மாதிரி அக்குளில் இடுக்கிக்கொண்டு வர வேண்டியிருந்தது. இம்முறை கனிவு உஷாராக இருந்தாள். குழந்தையைத் துடைத்து, மஞ்சள் சட்டை, பச்சைக் கால்சட்டை போட்டு, தடுப்புக்குள் இருந்த பெஞ்சில் உட்காரவைத்து, கையில் வாழைப்பழத்தைக் கொடுத்தாள். தாழ்ப்பாளுக்குக் குறுக்கே பையையும் வைத்தாள். பிறகு தன் தலையிலிருந்த ரப்பர் குல்லாயைக்கூடக் கழற்றாமல் துண்டைச் சுற்றிக்கொண்டு நீச்சலுடையைக் கழற்றத் தொடங்கினாள். ஈரத்துணி கயிறாகத் திரிந்து முழங்காலில் மாட்டிக்கொண்டது. குனிந்து, இழுத்து, மூச்சு வாங்கி நிமிர்ந்தபோது பெஞ்சில் தோல் மட்டும் இருந்தது. கதவுக்கும் தரைக்கும் நடுவே ஒரு முழ இடைவெளி. தாழ்ப்பாளைக் காவல் காத்தவள் அதை யோசிக்கவில்லை.

"பட்டாணி!"

மற்ற தடுப்புகளின் அடியில் குனிந்து பார்த்தாள். கழிப்பறையில் இல்லை. கண்ணாடி முன்னால் இல்லை. வெளியே வந்தால் ஒரு நடைவழி. அதன் ஒரு கோடியில் வாசல் கூடம், மறு கோடியில் குளம். கனிவு துண்டை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டு குளத்தை நோக்கி ஓடினாள்.

"குழந்தையைக் காணோம்! மஞ்சச் சட்டை!"

காவலர் நாற்காலியிலிருந்து குதித்தார். "இந்தக் கதவு வழியா யாரும் வரலைங்க, நான் பாத்துட்டேதான் இருக்கேன்" என்று சொன்னாலும், விசிலை நீளமாக ஊதினார். குளத்தில் இருந்த அத்தனை பேரும் அசையாமல் நின்று தத்தம் காலடியைப் பார்த்தார்கள். அவர் விளிம்பு நெடுக ஓடி, இரண்டு குளத்தின் அடித்தளத்தையும் ஒரு மூலை விடாமல் பார்த்தார். தண்ணீரில் இல்லை. கவுன்ட்டருக்குப் போன் போட்டார். வாசலையும் தாண்டவில்லை.

"உள்ளேதான் எங்கேயோ இருக்கு. வாங்க, மைக்குல சொல்லிடலாம்."

கண்காணிப்பு அறைக்குள் அவருக்கு அவசரத்தில் சுவிட்ச் அகப்படவில்லை. கனிவு அவரை நகர்த்திவிட்டு ஒரே தட்டில் போட்டாள். மைக்கை வாய்க்கு நாலு விரற்கடை தள்ளி வைத்தாள்.

"அனைவரின் கனிவான கவனத்திற்கு. மஞ்சள் சட்டை, பச்சைக் கால்சட்டை அணிந்த, பட்டாணி என்று அழைக்கப்படும் இரண்டே கால் வயதுப் பெண் குழந்தை, பெண்கள் உடை மாற்றும் அறையிலிருந்து சற்று முன் புறப்பட்டுச் சென்றுள்ளார். அவரைக் காண்பவர்கள் உடனடியாகக் கண்காணிப்பு அறைக்குத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். தங்களுக்கு ஏற்பட்டுள்ள சிரமத்திற்கு வருந்துகிறோம்."

குரலில் ஒரு பிசிறு இல்லை. குளத்தில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நாலைந்து பேர் தம்மையறியாமல் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார்கள். ஒரு அம்மாள் பையைத் தேடிக் கரையேறவே தொடங்கிவிட்டார்.

எந்த அறிவிப்பையும் மூன்று முறை சொல்வது அவள் வழக்கம். மூன்றாவது முறை முடிக்கும்போது, துடைப்பக் கட்டையும் கையுமாகத் துப்புரவுப் பணியாளர் அம்மா கதவில் வந்து நின்றார்.

"ஏம்மா, அங்க ஒரு அலமாரி, நீ பட்டாணின்னு சொல்லும்போதெல்லாம் 'என்ன?' 'என்ன?'ன்னு கேக்குதும்மா!"

உடை மாற்றும் அறையின் கடைக்கோடியில், துணி வைக்கும் இரும்பு அலமாரிகளின் கீழ் வரிசையில், பாதி திறந்திருந்த ஒன்றுக்குள் பட்டாணி காலை மடக்கிச் சௌகரியமாக உட்கார்ந்திருந்தாள். மடியில் யாருடையதோ ஒரு செருப்பு. முகத்தில் வாழைப்பழம். அம்மாவைக் கண்டதும் விரலால் கூரையிலிருந்த ஒலிபெருக்கியைக் காட்டினாள்.

"அம்மா மேலே இருந்தா."

கனிவு அந்த ஈரத்தரையிலேயே உட்கார்ந்து, குழந்தையைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். குரல் உடைந்து, மூக்கு ஒழுகி, வார்த்தையே இல்லாத அழுகை. காவலர் தொலைவிலேயே நின்று தொண்டையைச் செருமினார். துப்புரவுப் பணியாளர் அம்மா பக்கத்தில் குந்தி, அவள் முதுகைத் தடவிவிட்டார்.

"அழும்மா, நல்லா அழுதுடு. அழுது முடிச்சுட்டுத் துணியைப் போடு."

அப்போதுதான் கனிவுக்குத் தான் துண்டோடும் ரப்பர் குல்லாயோடும் ஊருக்கே அறிவிப்புச் செய்தது உறைத்தது.

வாசல் கூடத்தில் ஈரத்தலையோடு ஒரு நடுத்தர வயதுக்காரர் வழிமறித்தார். "தப்பா நினைக்காதீங்க. காலையில ஏழே கால் வண்டி லேட்டுன்னு தினமும் சொல்றது நீங்கதானே?"

"சொல்றது மட்டும்தாங்க நான். ஓட்டறது வேற ஆளு."

"தெரியும், தெரியும்." அவர் தலையைச் சொறிந்தார். "பல வருஷமா உங்களை ரொம்ப மோசமா திட்டியிருக்கேன். குழந்தையோட பாத்ததும் மனசு கேக்கலை. மன்னிச்சுடுங்க."

"பரவாயில்லைங்க" என்றாள் கனிவு. ஏழு வருடத்தில் அவளிடம் ஒருவர் வருத்தம் தெரிவித்தது அதுதான் முதல் தடவை.

அன்று மாலை கணவரிடம் போனில் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஒரு குழந்தை மேல ஒரு கண்ணு வச்சிருக்க முடியலையா உன்னால? நான் வந்ததும் பாரு, தனியா கூட்டிட்டுப் போயிட்டு வரேன். இதுல என்ன இருக்கு?"

கனிவு காலண்டரில் அவர் திரும்பி வந்த பின் வரும் ஞாயிற்றுக்கிழமையைச் சுழித்து வைத்தாள்.

அவர் திரும்பி வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பையைக் கட்டிக் கையில் கொடுத்து, இருவரையும் வாசல்வரை வழியனுப்பிவிட்டு, ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுத்தாள். மூன்று மணி நேரம் அடித்துப்போட்ட மாதிரி தூங்கினாள். எழுந்து வந்தபோது கூடத்து நாற்காலியில் கணவர் இருந்தார். சட்டை உள்வெளியாக இருந்தது, பொத்தான்கள் ஒன்று தள்ளி மாட்டியிருந்தன. ஒரு காலில் செருப்பு, மறு காலில் இல்லை. பட்டாணி அவர் மடியில் ஏறி நின்று காதைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள் கனிவு.

அவர் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டிருந்தார்.