புஜத்தை அழுத்திப் பார்த்தவர்

காலை ஆறேகாலுக்கு, பம்பாய் மாட்டுங்கா உடற்பயிற்சிக் கூடத்தில் பஸ்கி எடுக்கும்போது என் பதினாறு வயது மகன் மயங்கி விழுந்தான். பக்கத்து வீட்டு டெலிபோனில் செய்தி வந்ததும் ஓடினேன்.

பயிற்சி தரும் மாஸ்டர் தாராவிக்காரர், கதவளவு அகலம். யாரைக் கண்டாலும் கத்தரிக்காய் வாங்குபவர் போலப் புஜத்தை அழுத்திப் பார்ப்பார். மகன் கண் விழித்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

"என் பிள்ளையை என்ன பண்ணினேள்?" என்று கத்தினேன்.

அவர் நிதானமாக என் புஜத்தை அழுத்தினார்.

"தயிர்சாதமா சார்?"

"ஆமாம்."

"வெறும் வயித்தோட வந்திருக்கான். ஒரு மாசமா முட்டை தின்னுலேன்னு சொல்லிட்டிருக்கேன். அப்பா முட்டையை வீட்டுக்குள்ள விடமாட்டாருங்கான்."

அதற்குள் என் மனைவி டப்பாவுடன் வந்துவிட்டாள். முட்டை நுழையாத வீடு எங்களுடையது என்று நம்பியிருந்தேன். டப்பாவில் நான்கு அவித்த முட்டைகள்.

"ஏன்னா, நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கோங்கோ," என்றாள்.