டெஸ்டருக்கு வைத்த பொட்டு

எனக்குச் சந்தேக புத்தி அதிகம். பால் பாக்கெட்டை அழுத்திப் பார்க்காமல் வாங்க மாட்டேன். கேஸ் சிலிண்டர் வந்தால், கொண்டுவந்தவர் கிளம்புவதற்குள் சோப்பு நுரை தடவிக் கசிகிறதா என்று பார்த்துவிடுவேன். பஸ்ஸில் கண்டக்டரே ஜங்ஷன் போகும் என்று சொன்னாலும் பக்கத்து சீட்டில் இருப்பவரை இன்னொரு முறை கேட்பேன். "நீ போலீசுல இருக்க வேண்டியவ, தப்பி எங்கிட்ட வந்து மாட்டிக்கிட்ட" என்பார் என் வீட்டுக்காரர்.

அவர் எலக்ட்ரீஷியன். எனக்கு நேர் எதிர். யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுவார். மெயினை ஆஃப் பண்ணியாச்சு என்று அந்தந்த வீட்டு ஆட்கள் உள்ளேயிருந்து குரல் கொடுத்தால் போதும், ஒயரில் கையை வைத்துவிடுவார்.

போன வருஷம் கே.கே. நகரில் ஒரு மொட்டை மாடியில் அப்படித்தான் வைத்தார். அவரிடம் இருந்தது ஊரில் எல்லோரிடமும் இருக்கிற ஸ்க்ரூ டிரைவர் டெஸ்டர். நுனியை ஒயரில் தொட்டுப் பின்பக்கம் விரலை வைத்தால் உள்ளே ஒரு குட்டி விளக்கு சிவப்பாக மினுங்கும். உச்சி வெயிலில் அது மினுங்கியதா இல்லையா என்று யார் கண்டது? எரியவில்லை என்று நினைத்து ஒயரைப் பிடித்தார். தூக்கி எறிந்தது. தண்ணீர்த் தொட்டிப் பக்கம் விழுந்ததால் கை மட்டும் பிசகியது. கைப்பிடிச் சுவர்ப் பக்கம் விழுந்திருந்தால் என்று எழுதக்கூட எனக்குத் தைரியம் இல்லை.

அவரோடு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த மனிதர் அதைப் பார்த்துப் பயந்து, முசிறிக்கே திரும்பி வாழைத் தோப்பைக் கவனிக்க ஆரம்பித்துவிட்டார். ஏணியைப் பிடிக்க ஆள் இல்லை. நான் போனேன். ஏணி பிடிக்க வருகிறேன் என்று வெளியில் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அவரைக் கண்காணிக்கத்தான் போனேன்.

முதல் வேலையாக டெஸ்டரை மாற்றச் சொன்னேன். ஒயரைத் தொடாமல் கிட்டே கொண்டுபோனாலே கரண்ட் இருக்கிறதா என்று சொல்லும் பேனா மாதிரியான டெஸ்டர் இப்போது வந்திருக்கிறது. போனில் பார்த்தேன். ஒவ்வொன்றின் கீழேயும் வாங்கியவர்கள் ஒரே மாதிரி புகழ்ந்திருந்தார்கள். ஒருவரே உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதியது போலிருந்தது. போனை மூடிவிட்டு அவரையும் இழுத்துக்கொண்டு தென்னூரில் ஒரு கடைக்குப் போனேன்.

கடைக்காரர் நாலைந்து எடுத்துப் போட்டார். "எல்லாமே நல்லா போகுதுங்கக்கா, எது வேணா எடுத்துக்கங்க" என்றார். எல்லாம் நல்லது என்று சொல்பவரை நான் எப்படி நம்புவது? அவர் தலைக்கு மேல் ஓடிக்கொண்டிருந்த ஃபேனை விட்டுவிட்டு, மேஜையில் இருந்த டேபிள் ஃபேனின் ஒயரில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். முதலாவது கத்தியது. பிளக்கைப் பிடுங்கச் சொன்னேன், அப்போதும் கத்தியது. என் புடவையில் தேய்த்தேன், அதற்கும் கத்தியது. இந்த உளறுவாயை வீட்டுக்குக் கூட்டிப்போய் என்ன செய்ய? இரண்டாவது, பிளக் ஓட்டைக்குள்ளேயே மூக்கை நுழைத்தால்தான் வாயைத் திறந்தது. மூன்றாவது ஒழுங்காக இருந்தது. ஆனால் கொஞ்ச நேரம் சும்மா விட்டால் பேட்டரியை மிச்சம் பிடிக்கத் தானாக அணைந்துவிடும் என்றார் கடைக்காரர். வேலை நேரத்தில் தூங்கிப்போகிற சாமான் எனக்கு வேண்டாம் என்றேன். என் வீட்டுக்காரர் தெருவைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

"இது சத்தம் போடலைன்னா கரண்ட் இல்லைன்னு அர்த்தமா, இல்ல இதுவே செத்துப்போச்சுன்னு அர்த்தமா? அத எப்படிங்க கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டேன்.

கடைக்காரர் முதல் முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். கடைசியாக இருந்ததை எடுத்துப் பட்டனை அழுத்தினார். பட்டனுக்கு மேலே கடுகளவு பச்சை விளக்கு எரிந்தது. "பச்சை எரியிற வரைக்கும் உசுரோட இருக்குன்னு அர்த்தங்கக்கா. கரண்ட் இருந்தா சிவப்பு எரிஞ்சு கத்தும். நீங்க அணைக்கிற வரைக்கும் அணையாது. அப்பவும் கரண்ட் ஓடுதுன்னு தெரிஞ்ச எடத்துல ஒரு தடவ வெச்சுப் பாத்துட்டுத்தான் வேலைக்குப் போகணும்."

அதையே வாங்கினேன். அன்றிலிருந்து வேலைக்குக் கிளம்பும் முன் எங்கள் வீட்டு மிக்ஸி ஒயரில் அதை வைத்துக் கத்த வைத்துப் பார்ப்பது என் வழக்கம். "போதும்டி, பச்சைப்புள்ளய கிள்ளி அழ விடுற மாதிரி இருக்கு" என்பார் அவர்.

ஆயுத பூஜை வந்தது. அவருக்கு வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் பக்தி பொங்கும். கட்டிங் பிளேயர், ட்ரில் மிஷின், சுத்தியல் எல்லாவற்றையும் துடைத்துப் பலகையில் வரிசையாக அடுக்கி, சந்தனத்தை அப்பு அப்பென்று அப்பி, நடுவில் குங்குமம் வைப்பார். புது டெஸ்டருக்கு விசேஷ மரியாதை. எது நெற்றி என்று தேடி, பட்டனுக்கு மேலே சரியாக அந்தப் பச்சை விளக்கின் மீதே வைத்துவிட்டார். நான் முறைத்தேன். "காஞ்சா உதிர்ந்துடும், விடு" என்றார். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை யாரும் தொடக் கூடாது. தொடவில்லை.

மறுநாள் விஜயதசமி. தொழில் செய்கிறவர்கள் அன்றைக்குச் சின்னதாகவாவது ஒரு வேலையைத் தொட்டுவிட வேண்டும். ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் ஒரு மாமி வீட்டு வேலையை அதற்கென்றே அவர் ஒதுக்கி வைத்திருந்தார். ஹாலில் கூரையோரம் இருக்கும் ஒயர்ப் பெட்டிக்குள் இணைப்பு கருகி, ஃபேனும் லைட்டும் எரியவில்லை. கிளம்பும்போது டெஸ்டரை மிக்ஸி ஒயரில் வைக்கக் கேட்டேன். கொடுக்க மறுத்துவிட்டார். பூஜையில் இருந்து எடுத்த சாமானை முதன்முதலில் தொழிலில்தான் தொட வேண்டுமாம், சமையலறையில் விளையாடக் கூடாதாம். பொட்டோடு பைக்குள் போட்டுக்கொண்டார். வழியெல்லாம் அந்தப் பையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

மாமி வீட்டில் செருப்பை வாசலிலேயே விட வேண்டும். வெறுங்காலோடு அந்தக் குளிர்ந்த தரையில் நின்றதுமே எனக்குப் பிடிக்கவில்லை. அவர் மெயினை அணைத்தார். ஏணியில் ஏறினார். ஒயர்ப் பெட்டியின் மூடியைக் கழற்றினார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தேன். டி.வி.க்குப் பக்கத்தில் வைஃபை பெட்டி ஒன்று கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"ஏங்க, மெயின் ஆஃப்ல இருக்கு. அது எப்படி எரியுது?"

"அதுக்குன்னு குட்டியா ஒரு பேட்டரி தனியா வெச்சிருப்பாங்க."

"மாமி, வீட்ல இன்வெர்ட்டர் இருக்குங்களா?"

"இருக்கு. ஆனா போன மழையிலயே கெட்டுப்போயிடுத்து. பரண்ல சும்மாதான் கிடக்கு" என்றார் மாமி.

பதில் சரியாகத்தான் இருந்தது. அதனால்தான் எனக்கு இன்னும் சந்தேகம் வந்தது. ஏணி மேல் அவர் டெஸ்டரின் பட்டனை அழுத்தி ஒயருக்குக் கிட்டே கொண்டுபோனார். சத்தம் இல்லை. "பாத்தியா, கம்முனு இருக்கு" என்று சொல்லிவிட்டு டெஸ்டரைச் சட்டைப் பையில் செருகினார். கருகிய ஒயரை நோக்கி வலது கை போனது. கே.கே. நகரில் பிசகிய அதே கை.

நான் அவருடைய பேண்ட்டைப் பிடித்து இழுத்தேன். ஏணி ஆடியது. "பச்சை எரியுதான்னு பாருங்க!" என்று கத்தினேன்.

"பொட்டு மறைக்குது, தெரியல. நல்ல நாள்ல ஆரம்பிச்சிட்டியா?" என்று எரிச்சலோடு டெஸ்டரை என்னிடம் நீட்டினார். "இந்தா, நீயே பாத்துக்க."

வாங்கிப் பார்த்தேன். சந்தனம் காய்ந்து ஓடு மாதிரி ஆகியிருந்தது. நடுவில் குங்குமம். கீழே விளக்கு எரிகிறதா, இல்லையா, ஒன்றும் தெரியவில்லை. நகத்தை வைத்தேன்.

"ஏம்மா, என்ன பண்றே?" என்று மாமி பதறினார். "நல்ல நாளும் அதுவுமா குங்குமத்தை அழிக்கறதா? அதுவும் ஆம்படையான் தொழில் பண்ற சாமான்ல? நீ சுமங்கலி இல்லையோ?"

என் கை நின்றுவிட்டது. நான் பகுத்தறிவு பேசுகிறவள் இல்லை. என் நெற்றிப் பொட்டு வேர்வையில் கரைந்தாலே கண்ணாடியைத் தேடுகிறவள். அவர் பிழைப்பில் வைத்த குங்குமத்தை நானே என் கையால் துடைப்பதா? துடைத்த பிறகு ஏதாவது ஆகிவிட்டால், காலம் பூராவும் அது என் விரலில்தானே இருக்கும்? மேலே அவர் பொறுமை இழந்து, "குடு இங்க, நான் வேலையைப் பாக்கறேன்" என்று குனிந்தார்.

புடவைத் தலைப்பை வாயில் வைத்து நனைத்து அழுத்தித் துடைத்தேன். மஞ்சளும் சிவப்புமாகத் தலைப்பில் ஏறியது. அடியில் விளக்கு எரியவில்லை. பட்டனை அழுத்தினேன். எரியவில்லை. மறுபடி அழுத்தினேன்.

"கீழ இறங்குங்க" என்றேன். என் குரலைக் கேட்டு இறங்கினார்.

பூஜைக்கு முந்தின வேலையில் போட்ட டெஸ்டரை அவர் அணைக்க மறந்திருக்கிறார். பகல் வெளிச்சத்தில் அந்தக் கடுகளவு பச்சையைக் கவனிக்காமல் அதன் மேல் சந்தனத்தை அப்பியதால் எரிந்துகொண்டிருந்தது யாருக்கும் தெரியவில்லை. டப்பாவோடு வந்த மட்டமான பேட்டரி. சாமி முன்னாலேயே தீர்ந்துபோயிருக்கிறது. தானாக அணைகிற டெஸ்டர் வேண்டாம் என்று சொன்னவள் நான்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

மாமி வீட்டு டி.வி. ரிமோட்டைப் பிரித்துப் பேட்டரிகளை எடுத்து டெஸ்டரில் போட்டேன். பச்சை எரிந்தது. அவர் மறுபடி ஏறி, கையைத் தள்ளி வைத்துக்கொண்டு, ஒயர்ப் பெட்டியின் பக்கம் அதை நீட்டினார். ஹால் முழுக்கக் கேட்கும்படி கத்தியது. சிவப்பு விளக்கு அவர் முகத்தில் அடித்து அடித்து அணைந்தது.

"பெருமாளே!" என்றார் மாமி. "போன வாரம் பிள்ளை வந்தப்போ பரண்ல ஏறி என்னமோ பண்ணிண்டிருந்தான். இன்வெர்ட்டரைச் சரி பண்ணிட்டானோ என்னமோ. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!"

அவர் இறங்கி ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்தார். கரண்ட் இல்லை என்று அவர் நம்பிய ஒயருக்கும் அவர் விரலுக்கும் நடுவே அப்போது ஒரு சாண் இடைவெளிகூட இருக்கவில்லை. வலது கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு அவரை நாலு வார்த்தை திட்ட வேண்டும் போலிருந்தது. அழுகைதான் வந்தது.

பிறகு பரணில் ஏறி இன்வெர்ட்டரை அணைத்து, டெஸ்டரை மறுபடி வைத்துப் பார்த்து, வேலையை முடித்தார். ஹாலில் ஃபேன் சுற்றியது. கிளம்பும்போது மாமி வெற்றிலை பாக்கோடு குங்குமச் சிமிழை என்னிடம் நீட்டினார். என் தலைப்பில் இருந்த கறையை அவரும் பார்த்தார். குங்குமத்தை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டேன். கண்ணாடி இல்லாமல் வைத்ததில் அது கோணலாக இழுத்துக்கொண்டு போனது. என் வீட்டுக்காரர் சரிசெய்ய விரலை நீட்டினார்.

"தொடாதீங்க" என்றேன். "கோணலாவே இருக்கட்டும்."

விரலை மடக்கிக்கொண்டு ஏணியைத் தூக்கித் தோளில் வைத்தார்.