ஆசிரியர் நாற்காலியில் நான்

நான் படித்த விடுதிப் பள்ளிக்கு நூறு வயது தாண்டியிருந்தது. கட்டடம்தான் பழசு, படிப்பு ரொம்பப் புதுசு. ரேங்க் கிடையாது. பெற்றோர் கூட்டத்தில் டீச்சருக்குப் பதில் பிள்ளையே ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்து, தனக்கு எது வந்தது, எது வரவில்லை என்று வீட்டாரிடம் சொல்ல வேண்டும்.

ஆறாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்திருந்த எனக்கு அது ஆண்டவர் காட்டிய வழியாகத் தெரிந்தது. இங்கே இருக்கமாட்டேன் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டால் அப்பாவால் தட்ட முடியாதே! கூட்டத்துக்கு முந்தின வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. காலை ஜெபத்தில் கண்ணை மூடினால் சிங்காநல்லூர் வீடுதான் வந்து நின்றது. துணிமணிகளைப் பெட்டியில் அடுக்குவதும், யாராவது வந்தால் கலைப்பதுமாக இருந்தேன்.

அப்பா பட்டறையில் லேத் ஓட்டுபவர். அவருக்கு முந்திய தலைமுறைகள் தாராபுரம் பக்கத்துத் தோட்டங்களில் கூலிவேலை செய்தவர்கள். கூட்டத்தன்று மற்ற அப்பாக்கள் பெஞ்சில் சாய்ந்துகொண்டு செல்போனில் வீடியோ எடுக்க, இவர் மட்டும் கைகட்டி நின்றார்.

“ஏனுங்க டீச்சர், பாப்பா எத்தனையாவது ரேங்குங்க?”

“அதெல்லாம் இங்க இல்லீங்க. உங்க பொண்ணே சொல்லுவா, கேளுங்க.”

“உக்காருங்கப்பா” என்றேன். எனக்கு மானம் போனது.

“இருக்கட்டும் கண்ணு. நீங்க சொல்லுங்க” என்று ஆசிரியர் நாற்காலியில் இருந்த எனக்கும் மரியாதை கொடுத்தார்.

கணக்கு வருகிறது, இங்கிலீஷ் வரவில்லை என்று ஆரம்பித்தேன். பிறகு அடக்க முடியவில்லை, கொட்டிவிட்டேன். “இந்தப் பள்ளிக்கூடமே புடிக்கலீங்கப்பா. டீச்சர் நடத்தறது ஒண்ணுமே புரியலை. நான் உங்ககூடவே வாரேன்.”

அப்பா முகம் வெளிறிப்போனது. டீச்சரைப் பார்த்து அவர் கை தானாகக் கும்பிட்டது. “சின்னப் புள்ளைங்க, தெரியாம சொல்லிப்போட்டா.”

டீச்சர் சிரித்தார். “புரியலைன்னு சொன்னது நல்லதுதானுங்க. எப்படி நடத்தினாப் புரியும்னு அவளையே கேட்டுக்கறேன்.”

அப்பா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “அப்ப பாப்பா இங்கயே இருக்கட்டுங்க டீச்சர்” என்றார்.

நான் கேட் வரைக்கும் அழுதுகொண்டே ஓடினேன். அவரோ பஸ் ஏறும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். பெற்ற பிள்ளை அழும்போது இவருக்கு என்ன சிரிப்பு என்று எனக்கு நெடுநாள் ஆறவேயில்லை. மூன்றாம் வகுப்பில் அவரும் ஒருநாள் வாத்தியாரிடம் புரியவில்லை என்று சொன்னதும், அதற்காக வாத்தியார் வெளியே துரத்தியதில் அன்றோடு அவர் படிப்பு நின்றுபோனதும் எனக்கு அப்போது தெரியாது.