பலமான கான்பரன்ஸ் எது?

என் அக்கா வீட்டு வரவேற்பறையில் மூன்று ஆண்கள் ஒரு வருடத்துக்கு மேலாக அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தைப் பற்றி வாதாடினார்கள். அந்த விளையாட்டில் ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர் என்பதே ஆரம்பத்தில் மூவருக்கும் தெரியாது. அத்தான் ஏழு என்றார். அவருடைய ஒன்றுவிட்ட தமையன் ஆறு என்று அடித்துச் சொன்னார். முதல் ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதிலேயே போனது. சரியான விடை ஐந்து.

அக்கா வீடு லண்டனில், வெம்பிளியில். நானும் முன்பு அங்கேதான் பக்கத்துத் தெருவில் இருந்தேன், பிறகுதான் தெற்கு லண்டனில் மிச்சம் என்ற இடத்துக்கு மாறினேன். அந்தக் காலத்தில் அக்காவின் மகளைச் சனிக்கிழமைகளில் கூடைப்பந்துப் பயிற்சிக்குக் கூட்டிப் போனது நான். அத்தான் கணக்காளர், சனிக்கிழமையும் ஆட்கள் ரசீதுகளைப் பையில் கட்டிக்கொண்டு வருவார்கள். அக்காவுக்கு மருந்துக்கடையில் ஷிப்ட். வடக்கு லண்டனில் ஹீட்டர் வேலை செய்யாத விளையாட்டு மண்டபங்கள் அத்தனையிலும் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிறேன். அந்தக் குடும்பத்தில் ஓர் ஆட்டத்தை முதலிலிருந்து கடைசிவரை பார்த்தவள் நான் ஒருத்திதான். அதனால் என்னிடம் ஒருவரும் எதுவும் கேட்கவில்லை.

பிள்ளை வளர்ந்தாள். வளர்ந்தாள் என்றால் நிலைக்கதவில் தலை இடிக்கும் அளவுக்கு. அதுவரை அந்த உயரம் குடும்பத்துக்குப் பெரிய கவலையாக இருந்தது. கலியாண வீடுகளில் யாராவது ஒரு மாமி அவளை அண்ணாந்து பார்த்துவிட்டு, அக்காவின் காதில், "இவளுக்கு எங்கை மாப்பிள்ளை தேடப் போறியள்?" என்று கேட்பார். அவளுக்குப் பதினேழு வயதில் அமெரிக்காவிலிருந்து இரண்டு கல்லூரிகள் வந்து, எங்களுக்கு விளையாட வா, படிப்புச் செலவு முழுக்க நாங்கள் பார்க்கிறோம் என்றன. அன்றிலிருந்து அந்த உயரம் தங்கள் பக்கத்திலிருந்து வந்தது என்று இரண்டு பக்க உறவினரும் உரிமை கொண்டாடினார்கள். என் அக்கா ஐந்தடிக்குக் கொஞ்சம் மேல். அத்தான் செருப்போடு நின்றால் அவரும் அதற்குக் கொஞ்சம் மேல்.

இரண்டு கல்லூரிகளும் எப்படிப்பட்டவை என்று சொல்லிவிடுகிறேன். ஒன்று தெற்கில், மிகப் பெரியது, தொலைக்காட்சியில் வருவது. அதன் கோச் நேர்மையான ஆள். முதல் இரண்டு வருடம் இவள் பெரும்பாலும் கரையில், மாற்று ஆட்டக்காரர்களின் வாங்கில் இருந்து பார்த்துத்தான் பழக வேண்டியிருக்கும் என்று ஒளிக்காமல் சொன்னார். மற்றது மலைப்பக்கத்தில் ஒரு சின்னக் கல்லூரி. அதன் கோச் ஒரு பெண். வீடியோ அழைப்பில் பிள்ளையோடு நெடுநேரம் பேசினாள். "முதல் ஆட்டத்திலேயே நீ இறங்குவாய், உன்னை வைத்துத்தான் இந்த அணியைக் கட்டப் போகிறேன்" என்றாள். அழைப்பு முடிந்ததும் பிள்ளை மாடியிலிருந்து இரண்டு இரண்டு படியாகப் பாய்ந்து வந்து, "சித்தி, நான் அங்கதான் போறன்" என்றாள். அவளுக்கு அதில் ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. ஆனால் பதினெட்டு ஆகவில்லை, தகப்பன் கையெழுத்துப் போட வேண்டும்.

அங்கேதான் கான்பரன்ஸ் வந்து நுழைந்தது.

அமெரிக்கக் கல்லூரிகள் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்து தங்களுக்குள்ளேயே அதிகம் விளையாடும். அந்தக் கூட்டத்துக்குக் கான்பரன்ஸ் என்று பெயர். ஒன்றின் பெயரில் ஓர் எண் இருக்கும், உள்ளே அத்தனை கல்லூரிகள் இருக்காது. இன்னொன்று ஒரு கடலோரத்தின் பெயரை வைத்திருக்கும், மறு கடலோரத்துக் கல்லூரிகளும் அதில் அங்கத்துவம் பெற்றிருக்கும். லண்டனில் நம்முடைய சங்கங்களின் பெயரையும் அங்கத்தவர்களையும் பார்த்தவர்களுக்கு இது புதுமையாக இராது. எது பலமான கான்பரன்ஸ் என்று அமெரிக்கர்கள் சாப்பாட்டை மறந்து சண்டை பிடிப்பார்களாம். எங்கள் ஆட்களுக்கு அது போதும். ஊரில் எந்தப் பள்ளிக்கூடம் பெரியது என்று நாற்பது வயதுக்குமேல் மேடை போட்டுச் சண்டை பிடிக்கிறவர்கள் அவர்கள்.

தென்மாநிலக் கல்லூரிகளின் கான்பரன்ஸ்தான் பலம் என்று அத்தான் தெற்குக் கட்சி. காரணம், தொலைக்காட்சி. ஒன்றுவிட்ட தமையன் இல்ஃபோர்ட்டில் வீடு விற்கும் தொழில் செய்பவர், எல்லோரும் இல்ஃபோர்ட் அண்ணை என்போம். அவர் வடக்குக் கட்சி. காரணம், அவருடைய மச்சான் வடக்கே ஒஹையோ மாநிலத்தில் வைத்தியராக இருந்தார். மூன்றாவது ஆள் பக்கத்து வீட்டுக் கோயம்புத்தூர்க்காரர், வங்கி ஒன்றில் கம்ப்யூட்டர் வேலை. அவர் எந்தக் கட்சியும் இல்லை, மடிக்கணினிக் கட்சி. ஒவ்வொரு கான்பரன்ஸுக்கும் புள்ளி போட்டு, வண்ணம் தீட்டி, மடியில் வைத்துக்கொண்டு வருவார்.

"அப்படிச் சொல்லிட முடியாதுங்கண்ணா. யாரை ஜெயிச்சாங்கங்கறதுக்கும் வெயிட் குடுக்கணும்ல. நான் குடுத்துப் பாத்துட்டேன். தெற்கும் வடக்கும் கிட்டத்தட்ட ஒண்ணாத்தான் வருது" என்றார் ஒரு நாள்.

"தம்பி, கிட்டத்தட்ட எண்டு ஒரு பலம் இல்லை. ஒண்டு பலம், மற்றது பலமில்லை" என்றார் இல்ஃபோர்ட் அண்ணை.

சின்னக் கல்லூரியின் கான்பரன்ஸைக் கோயம்புத்தூர்க்காரர் பட்டியலின் அடியில், வண்ணம் பூசாத பகுதியில் வைத்திருந்தார். அத்தான் அதைப் பார்த்த அன்றே முகத்தைச் சுளித்தார். "உதில வெண்டாலும் ஆருக்குத் தெரியப் போகுது?" என்றார். பிள்ளை கதவில் சாய்ந்து நின்றுகொண்டு, "அப்பா, நான் விளையாட ஏலும் அங்க" என்றாள். அவர், "முதல்ல உது என்ன கான்பரன்ஸ் எண்டு விசாரிப்பம்" என்றார்.

விசாரிப்பது என்றால் என்ன என்று எங்கள் ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கலியாணம் பேசும்போது நடப்பது. மாப்பிள்ளை பகுதி எப்படி, தாய் தகப்பன் எப்படி, ஆர் ஆருக்குச் சொந்தம் என்று மூன்று கண்டத்துக்குத் தொலைபேசி போகும். அதேபோல இந்த மலைப்பக்கக் கல்லூரியைப் பற்றியும் போனது. டொரோண்டோவில் ஒருவர், அந்த மாநிலத்தின் பெயர் தெரியும் என்ற ஒரே தகுதியில், அங்கே தமிழ்க் கடை இல்லை என்று அறிவித்தார். ஒஹையோ வைத்தியர் அந்தக் கோச்சுக்கே அழைப்பு எடுத்து, "உங்கள் கான்பரன்ஸ் எவ்வளவு பலம்?" என்று கேட்டாராம். ஒரு வேலைக்கு ஆள் எடுக்கும் பெண்ணிடம் உங்கள் குடும்பம் எவ்வளவு நல்லது என்று கேட்டதற்குச் சமன். அவள் பொறுமையாகப் பதில் சொல்லியிருக்கிறாள். "பெட்டை நல்ல மரியாதை" என்று வைத்தியர் சான்றிதழ் கொடுத்தார்.

மாத முடிவுக்குள் பதில் வேண்டும் என்று அந்தக் கோச் எழுதியிருந்தாள். மாதம் முடிந்தது. அத்தான் கையெழுத்துப் போடவில்லை. குடும்பம் யோசிக்கிறது என்று ஒரு வரி எழுதிவிட்டார்.

நான் அன்று அங்கே இருந்தேன். "அத்தான், அவைக்கு ஒரு இடம்தான் இருக்கு. பிள்ளைக்கு விருப்பம். போட்டு அனுப்புங்கோ" என்றேன்.

"உடன ஓமெண்டு சொன்னா எங்களை மலிவா நினைப்பினம். நாங்கள் பொம்பிளைப் பகுதி. கொஞ்சம் இழுக்கத்தான் வேணும். உனக்கு உந்த விஷயங்கள் விளங்காது."

அடுத்த கிழமை கோச் மறுபடியும் எழுதிக் கேட்டாள். பிள்ளை அந்த மின்னஞ்சலைத் தகப்பனுக்கு முன்னால் கொண்டுவந்து பிடித்தாள். அத்தானின் முகம் மலர்ந்தது. "பாத்தியே, திரும்பக் கேக்கினம். நல்ல விருப்பம் அவைக்கு" என்றார். இல்ஃபோர்ட் அண்ணையும், "ரெண்டாந்தரம் கேட்டா மூண்டாந்தரமும் கேப்பினம்" என்று தன் அனுபவத்தைச் சேர்த்தார். அவருடைய மூன்று மகள்மாரும் அப்படித்தான் கட்டிக்கொடுக்கப்பட்டார்களாம். பிறகு இருவரும் தெற்கா வடக்கா என்ற முக்கியமான வேலைக்குத் திரும்பினார்கள்.

மூன்றாந்தரம் கோச் கேட்கவில்லை. அந்த இடத்தைப் போலந்துப் பிள்ளை ஒன்றுக்குக் கொடுத்துவிட்டதாகவும், வருத்தப்படுவதாகவும், பிள்ளைக்கு எல்லா நன்மையும் கிடைக்கட்டும் என்றும் எழுதினாள். போலந்துத் தகப்பன் விசாரிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறான், பண்பாடு இல்லாத மனிதன்.

பிள்ளை அழுதாள். அறையைப் பூட்டிக்கொண்டு அழவில்லை, சமையலறையில் எல்லோருக்கும் முன்னால், தண்ணீர்க்குழாயைத் திறந்துவிட்டபடி நின்று அழுதாள். எனக்கு வந்த ஆத்திரத்தை இப்போதும் குறைத்துச் சொல்ல மனமில்லை. அந்த மடிக்கணினியை எடுத்து அதே குழாயின் கீழ் பிடிக்க வேண்டும் என்று இருந்தது. அக்கா மகளின் முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள். எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தது.

வரவேற்பறையில் ஆறுதல் கூட்டம் நடந்தது. பேச்சுக் குழம்பிப்போன சம்பந்தத்துக்கு என்ன சொல்வார்களோ அதே சொற்கள்.

"எனக்கு அப்பவே மனசுக்குச் சரியாப் படேல்லை" என்றார் இல்ஃபோர்ட் அண்ணை.

"ஓம், எல்லாம் நன்மைக்குத்தான். பலமில்லாத கான்பரன்ஸ்" என்றார் அத்தான்.

"அடுத்த வருஷம் அந்தக் கான்பரன்ஸ் இன்னும் கீழ போகுங்கண்ணா. டிரெண்ட் அப்படித்தான் இருக்கு" என்றார் கோயம்புத்தூர்க்காரர். அவர் நல்ல மனிதர், யாரையும் புண்படுத்தத் தெரியாதவர். அன்று அவரைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

தெற்குக் கல்லூரிக்கு அத்தான் அன்று மாலையே கையெழுத்துப் போட்டார். இழுக்கவில்லை. பிள்ளை போனாள். வழியனுப்பும் விருந்தில் கேக்கின் மேல் கூடைப்பந்து வரைந்திருந்தது. அத்தான் வந்தவர்களுக்கெல்லாம் அது அமெரிக்காவிலேயே பலமான கான்பரன்ஸ் என்று சொன்னார். இல்ஃபோர்ட் அண்ணை பிரியாணியோடு நின்று, அது இன்னும் முடிவாகாத விஷயம் என்றார்.

குளிர்காலத்தில் ஆட்டங்கள் தொடங்கின. பிள்ளை எனக்கு அடிக்கடி தொலைபேசி எடுப்பாள். ஒரு நாள் நான், எப்படிப் போகிறது என்று கேட்டேன். "நல்லா இருக்கிறன் சித்தி. நல்லா கை தட்டப் பழகியிட்டன்" என்று சிரித்தாள். பிறகு ஆங்கிலத்தில், மலைப்பக்கக் கல்லூரியின் ஆட்டங்களைக் கைபேசியில் பார்ப்பதாகவும், போலந்துப் பிள்ளை நன்றாக விளையாடுவதாகவும் சொன்னாள். அந்தப் பிள்ளையைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஒரு ஞாயிறு, அங்கே நடுப்பகலில் ஆட்டம், இங்கே மாலை. மூவரும் தொலைக்காட்சிக்கு முன்னால் கூடியிருந்தார்கள். நானும் போயிருந்தேன். அக்கா அதுவரை ஓர் ஆட்டமும் பார்த்ததில்லை, மகள் வாங்கில் இருப்பதைப் பார்க்க மனம் வராது என்பாள். அன்று என்ன நினைத்தாளோ, பொரித்த ரோல்ஸ் அடுக்கிய தட்டை மேசையில் வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து அமர்ந்தாள்.

"எங்கை அவள்?"

"உந்தா, கரையில. வெள்ளை மேற்சட்டை" என்றார் அத்தான், பெருமையாக.

"எப்ப விளையாடுவாள்?"

"உது பலமான கான்பரன்ஸ். உடன இறங்க ஏலாது" என்றார் அவர். அந்த வார்த்தை இல்ஃபோர்ட் அண்ணையின் காதில் விழுந்தது, போதாதா? போன கிழமை வடக்கு அணி ஒன்று தெற்கு அணி ஒன்றை வென்றதை அவர் எடுத்தார். கோயம்புத்தூர்க்காரர் மடிக்கணினியைத் திறந்தார். ஆட்டம் ஒருதலைப்பட்சமாகப் போனது, பிள்ளையின் அணி எட்ட முடியாத தூரத்தில் முன்னால் நின்றது. அதைவிட வரவேற்பறையில் சூடு அதிகம். இல்ஃபோர்ட் அண்ணை எழுந்து, தொலைக்காட்சிக்கு முதுகு காட்டி நின்று, விரல் மடக்கிக் காரணங்களைச் சொன்னார். அத்தான் கதிரையை அவர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

ஆட்டம் முடிகிற நேரம். வென்றாயிற்று என்றால் கோச்சுகள் பெரிய ஆட்களை வெளியே எடுத்துவிட்டு, வாங்கில் இருக்கிறவர்களைக் கொஞ்ச நேரம் இறக்குவார்கள். வெள்ளை மேற்சட்டையைக் கழற்றிக்கொண்டு ஓர் உயரமான பிள்ளை எழுந்தாள். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். நான் அத்தானைக் கூப்பிட வாயைத் திறந்தேன். அக்கா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று.

இல்ஃபோர்ட் அண்ணையின் இடுப்புக்கும் மேசை விளக்குக்கும் இடையால் பார்த்தோம். பிள்ளை ஓடினாள், திரும்பினாள், ஒரு முறை பந்து அவளிடம் வந்தது. அவள் எழும்பியபோது அக்காவும் இருந்த இடத்திலேயே கொஞ்சம் எழும்பினாள். பந்து உள்ளே போனது. வாங்கில் இருந்த பிள்ளைகள் எல்லாம் துள்ளிக் குதித்தார்கள். வர்ணனையாளர் எங்கள் வீட்டுப் பெயரை நாக்கில் புரட்டிப் பார்த்து, உடைத்து, ஒரு மாதிரியாகச் சொல்லி முடித்தார். ஆட்டம் முடிந்ததற்குச் சங்கு ஊதியது. அக்காவின் கண்ணீர் மூக்கு நுனிவரை வந்து நின்றது, துடைக்கவில்லை.

அத்தான் பேச்சை நிறுத்தித் திரும்பினார். "என்ன, எங்கட பேர் சொன்னவங்களே?"

அக்கா ரிமோட்டை எடுத்துத் தொலைக்காட்சியை அணைத்தாள்.

"உங்கட கான்பரன்ஸ் வெண்டிட்டுது" என்றாள்.

"நான் சொன்னனான்தானே" என்று அத்தான் இல்ஃபோர்ட் அண்ணை பக்கம் திரும்பினார்.