பின் சீட்டுக் கவியரங்கம்

“உள்ள வாங்க, உள்ள வாங்க. படியில நிக்காதீங்க” என்று கைப்பேசியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே, இணையக் கூட்டத்துக்குக் காத்திருப்பவர்களை ஒவ்வொருவராக அனுமதிக்கிறார் மரியசெல்வம். ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணி. இலுப்பூர் பேருந்து நிலையத்தில் ஓய்வாக நிற்கும் தனியார் பேருந்தின் கடைசி சீட்டில், காக்கிச் சட்டையின் மேல் பொத்தானையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

கொடும்பாளூர் வழியாகப் போகும் அந்தப் பேருந்துக்கு அவர்தான் நடத்துநர். அடுத்த நடைக்கு ஐம்பத்தைந்து நிமிடம் இருக்கிறது. அதற்குள் எழுத்தாளருடன் உரையாடல், பிறகு வாசகர்கள் மூவரின் கவிதை வாசிப்பு. இரண்டு வருடமாக ஒரு வாரம்கூடத் தவறியதில்லை.

பேச வருகிறவரிடம் முதலிலேயே சொல்லிவிடுவார்: “ஐயா, நீங்க மூணு முப்பதுக்கு எறங்கிரணும்.” வாழ்த்துரை, முன்னுரையெல்லாம் அவருக்கு ‘லக்கேஜ்’. நான் முதலில் சேர்ந்தபோது என்னிடமும், “லக்கேஜ் இல்லாம ஏறுங்க தம்பி” என்றார். முன்பு ஒருவர் பொன்னாடையைக் கேமராவுக்கு நேராக விரித்துப் பிடித்தபடி நான்கு நிமிடம் நின்றார். அன்றோடு பொன்னாடைக்கும் தடை.

ஓட்டுநர் குணசேகரன் முன்னால் படுத்தபடியே கிண்டல் செய்வார். “ஏ மரியா, நாப்பது பேரு ஏறியும் ஒருத்தன்கூட டிக்கெட் எடுக்கலயே!”

“அது போகட்டும்டா. ஒருத்தரும் எறங்க மாட்டேங்கிறாங்களே, அதச் சொல்லு.”

உண்மைதான். பெரிய எழுத்தாளர்களை நிறுத்தச் சொல்ல மட்டும் மரியசெல்வத்துக்கு நாக்கு எழாது. அவர்கள் பேசிக்கொண்டே போக, மூன்று ஞாயிறாக, கவிதை வாசிக்கப் பெயர் கொடுத்திருந்த உண்ணாமலையின் முறை வராமலே போனது. உண்ணாமலைக்குக் குளத்தூர்ப் பக்கம் கோழிப்பண்ணையில் வேலை. ஒரு மணி நேரம் மட்டும் அனுமதி கேட்டுக்கொண்டு, சிக்னலுக்காகக் கொட்டகைக்கு வெளியே வந்து நிற்பார். மூன்றாவது வாரம், “இனிமே வரலைங்க. எனக்கு இதெல்லாம் சரிப்படாது” என்று குழுவில் எழுதிவிட்டார். மரியசெல்வம் உடனே அழைத்தார்: “இன்னும் ஒரே ஒரு ஞாயிறு வாங்க தாயி.”

அந்த ஞாயிறு வந்த விருந்தினர், பல பரிசுகள் வாங்கிய சென்னைக் கவிஞர். நான்கு மாதம் கெஞ்சிப் பிடித்தவர். மூன்று முப்பதைத் தாண்டினார். மூன்று நாற்பதும் ஆனது. ‘நிறுத்தாதீர்கள், கோபித்துக்கொள்வார். அப்புறம் யாரும் வர மாட்டார்கள்’ என்று அரட்டைப் பகுதியில் ஒருவர் எழுதினார். கொட்டகைச் சுவரோரம் உண்ணாமலை, மேற்பார்வையாளர் வருகிறாரா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

மரியசெல்வம் சட்டைப்பையிலிருந்து விசிலை எடுத்து நீளமாக ஊதினார்.

தூங்கிக்கொண்டிருந்த குணசேகரன் அலறி எழுந்து வண்டியைக் கிளப்பிவிட்டார். “அமத்துடா!” என்று கத்தினார் மரியசெல்வம்.

கவிஞரின் முகம் இறுகியது. “நான் இன்னும் முடிக்கலையே.”

“தெரியுதுங்கய்யா. ஒங்கள அடுத்த ட்ரிப்புல ஏத்திக்கிறேன். அந்தம்மா மூணு வாரமா ஸ்டாப்புலயே நிக்கிறாங்க.”

நாற்பது சதுரங்களிலும் யாரும் அசையவில்லை. கவிஞர் மெல்ல நாற்காலியில் சாய்ந்தார். “சரி. ஏத்துங்க.”

உண்ணாமலை தாளைப் பார்க்காமலே சொன்னார்:

பண்ணைக் கோழிகளுக்கு இருட்டு கிடையாது.
அங்கே விளக்கணைக்க எனக்கு உரிமையில்லை.
வீட்டில் விளக்கை அணைக்கும்போதெல்லாம்
ஆறாயிரம் கண்களை
மூடிவிட்டுப் படுக்கிறேன்.

கவிஞர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “இன்னொரு தடவை வாசிங்கம்மா.”

அதற்குள் பேருந்தில் பாதிச் சீட்டு நிறைந்திருந்தது. மரியசெல்வம் ஒலியைக் கூட்டி வைத்தார். உண்ணாமலை இரண்டாம் முறை சொல்லி முடித்ததும், வெங்காய மூட்டையோடு இருந்த ஒரு பெண், “அட, நம்ம பண்ணைக் கோழியையில்ல சொல்லுது!” என்று கைதட்டினார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

“கெளப்பட்டுமா, இல்ல இன்னொண்ணு இருக்கா?” என்றார் குணசேகரன்.

மரியசெல்வம் கேமராவைப் பயணிகள் பக்கம் திருப்பி, கைப்பேசியை நெஞ்சுக்கு நேராக இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கைதட்டும் ஒவ்வொரு சீட்டாக உண்ணாமலைக்குக் காட்டியபடி முன்னே நடந்தார்.