வெள்ளகோவில் பிரதியில் மட்டும் இருந்த வரி

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் மஹ்னூர் கதை கட்டுகிற ஆள் இல்லை. மூன்று ஆதாரம் கிடைக்காமல் தன் வீட்டு விலாசத்தைக்கூட எழுத மாட்டாள் என்று அவள் கணவன் அஃப்சலே கிண்டல் செய்வான். போன பிப்ரவரியில், ஒரு வெள்ளிக்கிழமை, பட்டப்பகலில், காதர்பேட்டை வீட்டில் அவளுக்கு நடந்தது இது.

நபிகள் நாயகத்தின் குடும்பத்தாரைப் பற்றி அரபுத்தமிழில், அதாவது அரபு எழுத்தில் தமிழாக, எழுதப்பட்ட ஒரு பழைய பாட்டை அவள் பதிப்பித்துக்கொண்டிருந்தாள். கையெழுத்துப் பிரதிகள் மொத்தம் மூன்று. வரிக்கு வரி ஒப்பிட்டு, எது புலவர் எழுதியது, எது படியெடுத்தவர்களின் கைச்சரக்கு என்று பிரிப்பதுதான் வேலை. பொறுமையைச் சோதிக்கிற வேலை.

அன்று நாயகத்தின் கைக்குழந்தை இப்ராஹீம் இறந்த பகுதி. வெள்ளகோவில் அலாவுதீன் பாய் நம்பிக் கொடுத்த பிரதியில் மட்டும் நடுவே ஒரு வரி கூடுதலாக இருந்தது. ‘இன்று வெள்ளி, என் யூனுசும் போய்விட்டான், அவனுக்காகவும் அழுங்கள்.’ ஓசையும் தட்டியது. இடைச்செருகல்தான். முறைப்படி அதை அடிக்குறிப்பிலாவது போட்டிருக்க வேண்டும். மஹ்னூர் அடியோடு எடுத்துவிட்டாள். எட்டு மாதத்துக்கு முன் அவளுக்குப் பிறந்த ஆண் குழந்தை ஒன்றரை நாள்தான் இருந்தது. அந்த வரியை இன்னொரு தரம் படிக்க அவளுக்குத் தெம்பில்லை. பாவம், வேறென்ன செய்வாள்?

மணி 1.22. அஃப்சல் ஜும்மாவுக்குப் போயிருந்தான். கீழே பனியன் கடையும் தொழுகைக்காகச் சாத்தியிருந்தது.

கரக்... கரக்... தாளில் நாணல் பேனா உரசுகிற சத்தம்.

எலி என்று நினைத்தாள். கணினித் திரையைப் பார்த்தாள். எடுத்த வரி பழைய இடத்திலேயே இருந்தது. சேமிக்க மறந்துவிட்டோம் போல என்று மறுபடி எடுத்து, சேமித்தாள். மணி 1.27.

கரக்... கரக்...

வரி வந்துவிட்டது.

மேசையில் விரித்திருந்த பழைய தாளைத் தொட்டாள். நூறு வருஷத்து மை. விரலில் ஈரமாக ஒட்டியது.

பின்னால்... பச்சைக் குழந்தையின் விக்கல்.

“அவம் பேரையுமா எடுத்துப்போட்டே, கண்ணு?”

பெண் குரல். காதோரம்.

திரும்ப முடியவில்லை.

மார்பு நனைந்தது. எப்போதோ வற்றிப்போன பால்...

“எடுக்கலீங்க,” என்று கதறினாள். “யூனுஸ் இருக்கட்டுங்க. அங்கயே இருக்கட்டுங்க.”

சத்தம் நின்றது. மணி 1.31.

அன்று சாயங்காலம் வரை அழுதாள். யூனுசுக்காகவும்தான், தன் பிள்ளைக்காகவும்தான். மறுநாள் அலாவுதீன் பாய்க்குப் போன் செய்து, படியெடுத்தது யார் என்று கேட்டாள்.

“எங்க பாட்டனாரோட மொதச் சம்சாரமுங்க. ரஹ்மத்தும்மா. பாதி எழுதையில பிரசவத்துக்குப் படுத்தாங்களாம். பையன் பொறந்தான்.”

“யூனுஸ்ங்களா?”

“ஆமாங்க... உங்களுக்கு எப்படிங்க தெரியும்? எங்க ஊட்டுல அந்த எழுத்துப் படிக்கவே யாருக்கும் தெரியாதுங்களே.”

“அதுல எழுதியிருக்குதுங்க. வெள்ளிக்கெழமை பையன் போயிட்டான்னு. மொதத் தாள்ல இருந்து கடைசித் தாள் வரைக்கும் ஒரே கையெழுத்துங்க பாய்.”

 

“அது எப்படிங்க? வருஷா வருஷம் தாய்க்கும் பிள்ளைக்கும் அவங்க எறந்த தேதியில, அடுத்தடுத்த நாள் பாத்திஹா ஓதுறோமுங்க. மறுநாள்தானுங்க பையனுக்கு. ரஹ்மத்தும்மா மவுத்தானது மொத நாள்... வியாழக்கெழமைங்க.”